விலகிப் போவதா, இருந்து முரண்டுவதா: அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பாடம்

கட்சியோடு ஒத்துப்போகாத எம்.எல்.ஏ.வுக்கு இரண்டு வழி. ஒன்று, ராஜினாமா செய்துவிட்டு மக்களிடம் திரும்பப் போவது. இன்னொன்று, பதவியில் இருந்துகொண்டே எதிர்ப்பது.

முதல் வழியில் பெரிதாகச் சிக்கல் இல்லை. சபாநாயகர் ஏற்றால் தொகுதி காலி. பொதுவாக 6 மாதத்துக்குள் இடைத்தேர்தல். தோற்றால் போச்சு, அவ்வளவுதான்.

இரண்டாவதில்தான் வில்லங்கம். 2017 ஆகஸ்டில் ஆளும் அ.தி.மு.க.வின் தினகரன் அணி எம்.எல்.ஏ.க்கள் முதல்வர் பழனிசாமி மீது நம்பிக்கை இல்லை என ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். செப்டம்பர் 18 அன்று அவர்களில் 18 பேரைச் சபாநாயகர் தனபால் தகுதிநீக்கம் செய்தார். தருமபுரி மாவட்டத்திலிருந்து பாப்பிரெட்டிப்பட்டி பழனியப்பனும் அரூர் முருகனும் அதில் அடக்கம். பழனியப்பன் முன்னாள் உயர்கல்வி அமைச்சர் வேறு. வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டு பிப்ரவரியில் சட்டசபையிலேயே அரசுக்கு எதிராக ஓட்டுப் போட்ட பன்னீர்செல்வம் அணி 11 பேருக்குப் பதவி போகவில்லை. கடிதம் கொடுத்தவர்களுக்குப் போனது!

அப்புறம் வழக்கு. 2018 ஜூனில் உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பு; அக்டோபரில் மூன்றாவது நீதிபதி தகுதிநீக்கம் செல்லும் என்றார். இடைத்தேர்தல் 2019 ஏப்ரலில். அதுவரை ஒன்றரை வருடத்துக்கு மேல், போர்வெல்லுக்கோ ரேஷன் கடைக்கோ மனுவைத் தூக்கிக்கொண்டு போக அரூர்க்காரருக்கு எம்.எல்.ஏ. கிடையாது. இடைத்தேர்தலில் இரண்டு தொகுதியும் அ.தி.மு.க.வுக்கே போயின. பழனியப்பன் 2021இல் தி.மு.க.வில் சேர்ந்தார்.

என் ஓட்டு ராஜினாமாவுக்கு. கௌரவம் என்பதற்காக மட்டுமல்ல, தொகுதி சீக்கிரம் நிரம்பும்.