காலிப் பெட்டி வாசலுக்கு வந்தால்: திருப்பி அனுப்புவதா, எழுதி வாங்குவதா?

நசுங்கி, ஒரு பக்கம் பிரிந்து வந்த பார்சலைக் கையில் தூக்கியதுமே தெரிந்துவிடும், உள்ளே ஒன்றும் இல்லை என்று. அந்த நேரத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே யோசனைதான் வரும்: "வாங்காதே, திருப்பி அனுப்பிவிடு." முதல் தடவை நானும் அப்படித்தான் செய்தேன். அடுத்த வருஷம் இன்னொரு பெட்டி அதே கோலத்தில் வந்தபோது, குறிப்பு எழுதி வாங்கிக்கொண்டேன். இரண்டையும் செய்து பார்த்ததில் என் சாய்வு இரண்டாவதன் பக்கம்தான். பேசாமல் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்து, ராத்திரி பிரித்துப் பார்ப்பது என்று மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதை யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஒரு விலக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய ஆன்லைன் கடையில் வாங்கிய பொருள் என்றால் திருப்பி அனுப்புவதே சுலபம். பணத்தைத் திருப்பித் தரும் வழி அவர்கள் செயலியிலேயே இருக்கும். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள்படி, புகார் போய்ச் சேர்ந்ததை அவர்களுடைய குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்ய வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் வேண்டும். சிக்கல் எல்லாம் சொந்தக்காரர் அனுப்பிய பார்சலிலும், போனில் பேசி வாங்கும் சிறு வியாபாரியின் பார்சலிலும்தான்.

நான் திருப்பி அனுப்பியது அப்படி ஒரு வியாபாரியிடம் வாங்கிய பித்தளை விளக்கு. 3,800 ரூபாய் முன்பணமாகவே கட்டியாயிற்று. பெட்டி கிழிந்து, காற்று மாதிரி லேசாக வந்தது. "வேண்டாம் தம்பி, எடுத்துட்டுப் போயிடுங்க" என்றேன். அன்று மாலை கூரியர் டிராக்கிங்கில் ஒரே வரி: பெறுநர் வாங்க மறுத்தார். பெட்டி காலியாக வந்ததாக அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. வியாபாரியைக் கேட்டால், "நீங்கள்தானே வேண்டாம் என்றீர்கள்" என்கிறார். கூரியர் ஆபீஸில், அனுப்பியவரிடமே திருப்பிக் கொடுத்தாயிற்று, அவர்தான் புகார் தர வேண்டும் என்றார்கள். என் கையில் இருந்தது மங்கலான ஒரு போட்டோ மட்டும். கடைசியில் அந்த வியாபாரி மனமிரங்கிப் பாதிப் பணம் கொடுத்தார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை, அவருக்கும் நஷ்டம்தான்.

இரண்டாவது, சேலத்திலிருந்து சித்தி அனுப்பிய வெண்கல உருளி. அவர்கள் மாமியார் காலத்துப் பாத்திரம். திருநெல்வேலியில் என் வீட்டுக்கு வந்த பெட்டியின் அடிப்பக்கம் வாய் பிளந்து, அதன்மேல் வேறு நிற டேப் ஒட்டியிருந்தது. சித்தி ஒட்டியது பழுப்பு டேப், இது வெள்ளை. வழியில் யாரோ பெட்டியை மூடி அனுப்பியிருக்கிறார்கள் என்பது அதிலேயே தெரிந்தது.

பார்சல் கொண்டுவந்த தம்பி ஓடிபி கேட்டார். "ஒரு நிமிஷம் தம்பி" என்று சொல்லி, பெட்டி அவர் கையில் இருக்கும்போதே பில் எண், டேப், கிழிசல் எல்லாம் தெரியும்படி போட்டோ எடுத்தேன். அப்புறம் இரண்டு பேரும் எதிரே இருந்த மளிகைக் கடைக்குப் போய், முத்திரை போட்ட எலக்ட்ரானிக் தராசில் வைத்தோம். 310 கிராம். சித்தியின் ரசீதில் இருந்தது 3 கிலோ 640. ஒரு வெள்ளைத்தாளில் தேதி, நேரம், எடை, "அடிப்பக்கம் பிரிந்து காலியாக வந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவரிடமும் வாங்கினேன். முதலில் தயங்கினார். சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு. "இது உங்கள் பேரில் புகார் இல்லை, உங்கள் கைக்கு வரும்போதே இப்படித்தான் இருந்தது என்பதற்கு உங்களுக்கும் இதுதான் சாட்சி" என்று சொன்ன பிறகு போட்டார். அதற்குப் பிறகுதான் ஓடிபி சொன்னேன்.

இந்த எடை விஷயத்தை ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், முழுப்பணமும் நஷ்ட ஈடாக வரும் என்று நம்பி உட்காருவதில் பயனில்லை. ஸ்பீடு போஸ்டில் பொருள் தொலைந்தாலோ சேதமானாலோ, கட்டிய கட்டணத்தின் இரண்டு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான். அதற்கு மேல் வேண்டுமென்றால் அனுப்பும்போதே இன்ஷூர் செய்திருக்க வேண்டும், 1 லட்சம் வரை செய்யலாம். தனியார் கூரியரிலும் ரசீதில் பொடி எழுத்தில் ஒரு வரம்பு போட்டிருப்பார்கள். பாரதி நிட்டிங் கம்பெனி ஒரு கூரியர் நிறுவனத்தின் மேல் போட்ட வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் அந்த மாதிரி வரம்பு செல்லும் என்றே சொன்னது. லட்சக்கணக்கில் நஷ்டம் கேட்டவர்களுக்குச் சீட்டில் இருந்த 100 டாலர்தான் கிடைத்தது.

ஆகவே பணத்தைத் துரத்துவதைவிடப் பொருளைத் தேடவைப்பது மேல். காலிப் பெட்டி என்றதும் திருட்டு என்றுதான் நினைக்கிறோம். கனமான சாமானை ஒற்றை அட்டைப் பெட்டியில் போட்டால், நாலு இடத்தில் இறக்கி ஏற்றும்போது அடி பிரிந்து பொருள் தானாகவே விழுந்துவிடும். விழுந்த பொருளில் முகவரி இருக்காது, முகவரி உள்ள பெட்டி மட்டும் பயணத்தைத் தொடரும். எந்த ஊரில் விழுந்தது என்று கண்டுபிடிக்க இருக்கும் ஒரே தடயம், எங்கே வரைக்கும் எடை சரியாக இருந்தது என்பதுதான்.

அன்றே போட்டோ, தாள், ரசீது மூன்றையும் கூரியர் ஆபீஸுக்கு மின்னஞ்சலில் அனுப்பி, இடையில் எந்தெந்த ஊரில் எடை போட்டீர்கள் என்று கேட்டேன். சேலத்தில் ஏற்றியபோது 3.64, மதுரையிலிருந்து கிளம்பியபோது 0.31 என்று நாலாம் நாள் பதில் வந்தது. சித்திக்குப் போன் போட்டு உருளிக்கு ஏதாவது அடையாளம் உண்டா என்று கேட்டேன். "வாய் விளிம்புல பேரு வெட்டியிருக்கும் கண்ணு, மு.ப.ன்னு" என்றார்கள். அதையும் எழுதி அனுப்பினேன். மதுரையில் உரிமை கோராத சாமான்களுக்கு நடுவே ஒன்பதாம் நாள் அகப்பட்டது. பெட்டியைத் திருப்பி அனுப்பியிருந்தால் அந்த 310 கிராமைக் காட்டிக் கேட்க என் கையில் ஒன்றும் இருந்திருக்காது.

அஞ்சலில் வந்த பார்சல் என்றால் இதே வேலையை இன்னும் முறையாகச் செய்யலாம். வாசலில் வாங்காமல் அஞ்சலகத்துக்குப் போய் ஓப்பன் டெலிவரி கேட்க வேண்டும். அதிகாரி முன்னால் எடை பார்த்து, பிரித்து, உள்ளே இருந்ததை எழுதிக் கொடுப்பார்கள். வீட்டில் நாம் எழுதும் வெள்ளைத்தாளைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

கைக்கு வந்தது இரண்டே பார்சல்தான் என்பதால், எல்லாவற்றுக்கும் இது பொருந்தும் என்று சொல்லமாட்டேன். மெமரி கார்டு, கொலுசு மாதிரி லேசான பொருளுக்குத் தராசு அவ்வளவாக உதவாது. பிரிக்கும்போதே வெட்டாமல் எடுத்த வீடியோதான் துணை. வெளிநாட்டுப் பார்சல் எனக்கு வந்ததே இல்லை. நுகர்வோர் ஆணையம் வரைக்கும் நான் போனதில்லை. ஆனால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போடலாம். கட்டணம் கட்டியவர் சித்தியாக இருந்தாலும், சேவையின் பயனைப் பெறும் நானும் நுகர்வோர்தான். அதற்கு முன் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். எங்கே போனாலும் முதலில் கேட்கப்போவது கையில் என்ன இருக்கிறது என்றுதான்.

உருளியின் ஒரு காது கொஞ்சம் வளைந்துவிட்டது. போன மாதம் சித்திக்கு நான் ஒரு இட்லிக் கொப்பரை அனுப்பினேன். இரட்டை அட்டைப் பெட்டி, அடியில் குறுக்கும் நெடுக்குமாக டேப். இரண்டு பேர் முகவரியும் எழுதிய ஒரு தாளைப் பெட்டிக்குள் போட்டேன், இன்னொன்றைக் கொப்பரைக்குள்ளேயே ஒட்டினேன். கவுண்டரில் எடை போட்டபோது அந்த எண் தெரியும்படி ஒரு போட்டோவும் எடுத்துச் சித்திக்கு அனுப்பிவிட்டேன்.