கெட்டமைனா, மின்னதிர்வா?

இரண்டு மூன்று மருந்துகளை மாற்றிப் பார்த்தும் மனச்சோர்வு அசையவில்லை என்றால், பழைய வழி 1938-இல் ரோமில் தொடங்கிய மின்னதிர்வு சிகிச்சை, அதாவது தலையில் மின்சாரம் செலுத்திச் சிறு வலிப்பை வரவழைப்பது. புதிய வழி, மயக்க மருந்தான கெட்டமைனைக் குறைந்த அளவில் நரம்பில் ஏற்றுவது.

2023-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கெட்டமைன் பெற்றவர்களில் 55 சதவீதத்தினருக்கு நல்ல முன்னேற்றம் தெரிந்தது. மின்னதிர்வில் 41 சதவீதம்தான். உடனே கெட்டமைனுக்கு மாலை போட வேண்டாம். மனப்பிறழ்வு அறிகுறி (இல்லாத குரல் கேட்பது போன்றவை) உள்ளவர்களை அதில் சேர்க்கவில்லை; பெரும்பாலோர் வீட்டிலிருந்து வந்துபோனவர்கள். சுவீடனில் உள்நோயாளிகளிடம் செய்த ஆய்வில் கணக்கு தலைகீழானது: நோய் தணிந்தவர்கள் மின்னதிர்வில் 63 சதவீதம், கெட்டமைனில் 46.

மின்னதிர்வு இன்று முழு மயக்கத்தில் தரப்படுகிறது. கட்டிப்போட்டு அலறவிடும் சினிமாக் காட்சிகளை மறந்துவிடலாம். அதன் உண்மையான குறை நினைவுமறதி. பலருக்குத் தற்காலிகம், சிலருக்குப் பழைய நினைவுகள் திரும்புவதேயில்லை. கெட்டமைனுக்கு நாற்பது நிமிடம் போதும். உடலை விட்டு விலகி மிதப்பதுபோல இருக்கும், இரத்த அழுத்தம் ஏறும், அன்று வண்டி ஓட்டக் கூடாது. பலன் நிலைக்க அடுத்தடுத்த தவணைகளும் தேவைப்படும். பழக்கமாகிவிடும் ஆபத்தும் உண்டு.

சோறு தண்ணீர் மறுத்து உறைந்து கிடப்பவருக்கு நான் மின்னதிர்வையே சொல்வேன். வேலைக்குப் போய்க்கொண்டே அல்லாடுபவர் முதலில் கெட்டமைனைப் பற்றிக் கேட்கலாம், கண்காணிப்புள்ள மருத்துவமனையில் மட்டும்.