ரைசன் 5 1600-க்குப் பதிலாக ரைசன் 5 5600: பழைய போர்டிலேயே ஒரு மாற்றம்

2017இல் வெளிவந்த, ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 1600 பிராசசரை எடுத்துவிட்டு, அதே மதர்போர்டில் 2022 ஏப்ரலில் வெளிவந்த ரைசன் 5 5600-ஐப் பொருத்திச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். இரண்டிலும் 6 கோர் (தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகள்), 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசைகள்); இரண்டும் 65 வாட். பெட்டியில் உள்ள இந்த எண்களை மட்டும் பார்த்தால் மாற்றுவதற்கு ஒரு காரணமும் தென்படாது. நானும் இவற்றைப் பார்த்துத்தான் ஓராண்டுக்கு மேல் தயங்கினேன்.

அந்தத் தயக்கத்தை வளர்த்தது, கணினியின் பயன்பாட்டைக் காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜர். விளையாட்டு திக்கித் திணறும்போதுகூடப் பிராசசரின் பயன்பாடு பாதியை எட்டாமல் நின்றது. அதனால் குறை கிராபிக்ஸ் கார்டில்தான் என்று நம்பியிருந்தேன். 12 த்ரெட்டுகளில் ஒன்று மட்டும் முழு வீச்சில் ஓடினால், மொத்தக் கணக்கில் அது ஏறத்தாழ 8 விழுக்காடாகத்தான் தெரியும் என்பது பிறகே உறைத்தது. சந்தேகம் உள்ளவர்கள் விளையாட்டின் ரெசல்யூஷனைக் குறைத்துப் பார்க்கலாம். கிராபிக்ஸ் கார்டின் சுமை இறங்கியும் நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற எண்ணிக்கை ஏறவில்லை என்றால், இழுத்துப் பிடிப்பது பெரும்பாலும் பிராசசர்தான். என் கணினியில் அந்த எண்ணிக்கை அசையவே இல்லை.

வேறுபாடு கோர்களின் எண்ணிக்கையில் இல்லை, அவை அமைந்திருக்கும் விதத்தில் இருக்கிறது. 1600-இல் மும்மூன்று கோர்களாக இரண்டு தொகுதிகள்; ஒவ்வொன்றுக்கும் 8 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் விரைவு நினைவகம்). ஒரு தொகுதியிலுள்ள கோருக்கு மற்றதிலிருந்து தரவு வேண்டுமானால் சுற்றிப் போய்த்தான் எடுத்துவர வேண்டும். 5600-இல் ஆறு கோர்களும் 32 எம்பி கேஷை ஒன்றாகப் பகிர்ந்துகொள்கின்றன. உச்ச வேகமும் 3.6 கிகாஹெர்ட்ஸிலிருந்து 4.4 ஆக உயர்ந்திருக்கிறது. இதன் பலனை நான் சராசரி ஃபிரேம் எண்ணிக்கையைக் காட்டிலும், கூட்டம் நிறைந்த காட்சிகளில் வந்துகொண்டிருந்த வெட்டு வெட்டான நிறுத்தங்கள் அடங்கியதில்தான் அதிகம் உணர்ந்தேன். வீடியோ எக்ஸ்போர்ட்டும் விரைவுபட்டது. பழைய பிராசசரில் 3200 வேகத்தில் நிலையாக ஓட மறுத்த அதே ரேம், இப்போது எக்ஸ்எம்பியை (ரேமை அதற்குக் குறித்த வேகத்தில் ஓடவிடும் அமைப்பை) இயக்கியதும் மறுபேச்சின்றி ஓடுகிறது.

மாற்றும் வேலையில் அவசரம் கூடாது. பழைய பிராசசர் போர்டில் இருக்கும்போதே, கணினியைத் தொடங்கிவைக்கும் மென்பொருளான பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். பழைய பயாஸுக்குப் புதிய பிராசசர் அடையாளம் தெரியாது, திரை இருட்டாகவே இருக்கும். நான் இதைச் சரியாகச் செய்தேன், கூலரைக் கழற்றும்போதுதான் தவறினேன். நான்கு திருகுகளையும் எடுத்துவிட்டு நேராகத் தூக்க, காய்ந்து இறுகிப்போன தெர்மல் பேஸ்ட் (வெப்பத்தைக் கூலருக்குக் கடத்தும் பசை) பிராசசரையும் பிடித்துக்கொண்டு, லாக் போட்டிருந்த சாக்கெட்டிலிருந்து அப்படியே பிடுங்கி வந்துவிட்டது. ஏஎம்4 என்ற இந்தச் சாக்கெட் வகைக்கான பிராசசர்களின் அடியில் 1331 ஊசிகள். அவற்றில் மூலையிலிருந்த இரண்டு சாய்ந்திருந்தன. கணினியைச் சிறிது நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, பிறகு அணைத்து, கூலரை மெல்ல இடவலமாகத் திருகி எடுத்திருந்தால் இது நேர்ந்திருக்காது. டிரைவில் பிட்லாக்கர் (தரவைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருப்பவர்கள் மீட்புக் குறியீட்டை முன்கூட்டியே வேறிடத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிராசசர் மாறியதும், அந்தப் பூட்டின் சாவியைக் காக்கும் எஃப்டிபிஎம்மை அழித்துப் புதிதாக்கலாமா என்று என் போர்டு கேட்டது. குறியீடு கையில் இல்லாமல் ஒப்புக்கொண்டால் தரவைத் திறக்க முடியாமல் போகலாம்.

குறைகளும் உண்டு. உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை. பிசிஐஇ 4.0 வசதியை (கிராபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி ஆகியவற்றுக்கான விரைவு இணைப்பை) பழைய போர்டு தராது. உடன் வரும் கூலர் சிறியது; 1600-உடன் வந்த பெரிய கூலரையே துடைத்து, புது பேஸ்ட் தடவி மாட்டிக்கொண்டேன்.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்கும் பிராசசர்களின் பட்டியலில் 1600 இல்லை, 5600 இருக்கிறது. விளையாட்டே விளையாடாதவர்களுக்கும் இந்த ஒரு காரணம் போதும் என்று கருதுகிறேன்.

ஆனால் இன்னமும் ஹார்டு டிஸ்கில் விண்டோஸை வைத்திருப்பவர் முதலில் எஸ்எஸ்டி வாங்கட்டும். மந்தம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். இன்டெல் 6, 7ஆம் தலைமுறைக் கணினி உள்ளவர்களுக்கு இந்த வழி அடைபட்டிருக்கிறது: 8ஆம் தலைமுறையும் சாக்கெட் 1151 என்றே அழைக்கப்பட்டாலும், அந்தப் பழைய போர்டுகள் அதை ஏற்பதில்லை. ஏஎம்டியின் அடுத்த சாக்கெட்டான ஏஎம்5-க்குப் போவதென்றால் போர்டும் டிடிஆர்5 ரேமும் சேர்ந்தே மாற வேண்டும். பிராசசர் செலவு மட்டும் என்று எண்ணி அதில் இறங்கக் கூடாது. ரைசன் 5 3600 வைத்திருப்பவருக்கு நான் 5600-ஐப் பரிந்துரைக்க மாட்டேன். 3600-இலும் விண்டோஸ் 11 இயங்கும், கேஷும் மொத்தத்தில் 32 எம்பிதான். கிடைக்கும் முன்னேற்றம் செலவுக்கு ஈடாகாது. விளையாட்டே முதன்மை என்றால், 96 எம்பி எல்3 கேஷ் கொண்ட 5800எக்ஸ்3டி அவருக்குப் பொருந்தும். அது 105 வாட், கூலரும் உடன் வராது. போர்டு அதைத் தாங்குமா என்பதை உற்பத்தியாளரின் பட்டியலில் பார்த்த பிறகே வாங்க வேண்டும்.