பன்னிரண்டு பேர், ஒரு ஞாயிறு மதியம்: இலைச் சாப்பாடா, பஃபேயா?

திருச்சியில் குடும்பத்தோடு வெளியே சாப்பிடப் போவது என்றால் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. பெங்களூரிலிருந்து வரும் தங்கை பஃபே என்பாள், அம்மா இலை என்பார். எதிலும் சேராமல் பில் கட்டுகிற ஆளாக மட்டும் நான் பல வருடம் ஓட்டினேன். போன ஆறு மாதத்தில் அதே பன்னிரண்டு பேரை இரண்டு இடத்துக்கும் கூட்டிப் போய் வந்தாகிவிட்டது. அப்பா அம்மாவின் ஐம்பதாவது கல்யாண நாளுக்கு ஒரு நட்சத்திர ஓட்டலில் மதிய பஃபே. அப்பாவின் 78ஆவது பிறந்தநாளுக்குத் தில்லைநகர் பக்கம் ஒரு சைவச் சாப்பாட்டு ஓட்டல். இரண்டும் ஞாயிறு. இப்போது நான் இலைக் கட்சி, அதனால் இதை நடுநிலைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

விலையில் எது மலிவு என்பதற்கு அலசல் தேவையில்லை, கணக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன். பஃபேயில் பெரியவருக்கு 900 ரூபாய், ஐந்திலிருந்து பன்னிரண்டு வயதுக்குப் பாதி, அதற்குக் கீழே இலவசம். ஒன்பது பெரியவர், இரண்டு அரை டிக்கெட், ஒரு இலவசம் என 9,000 ரூபாய், மேலே 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 10,620. அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டுகிற ஓட்டலுக்குள் இருக்கும் உணவகத்துக்கு அந்த 18. தெருவில் தனியாக இருக்கும் ஓட்டல் ஏசியாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் 2017 நவம்பரிலிருந்து 5 சதவீதம்தான். இலைச் சாப்பாடு 150 ரூபாய். பதினோரு இலை, நாலு வயதுக் குட்டிக்குத் தனியாக ஒரு தயிர் சாதம் 60 ரூபாய், வரியோடு 1,796. குட்டி தோசைதான் வேண்டும் என்று அழுதது. மதியம் டிபன் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள், அதில் எந்த சிபாரிசும் எடுபடவில்லை.

பஃபே பில்லில் முதலில் சேவைக் கட்டணம் என்று இன்னொரு வரியும் இருந்தது. அதைக் கேட்காமல் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ‘இதை எடுத்துடுங்க’ என்றேன், மறு பேச்சில்லாமல் எடுத்துவிட்டார்கள். கேட்காதவர்கள் கட்டிவிட்டுத்தான் போகிறார்கள் என்று நினைக்கிறேன்.

ருசியில் பஃபேயைக் குறை சொல்ல மனசு வரவில்லை. நாற்பது வகை இருந்தால் பத்து வகையாவது நன்றாக இருக்கும், இருந்தது. பன்னீர் டிக்கா அருமை, என் மகள் அதையே மூன்று முறை எடுத்தாள். சூட்டில்தான் சிக்கல். சமைத்து வைத்த உணவு 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்பு அறிவுரை, பஃபேயில் தட்டுக்கு அடியில் வெந்நீரும் நெருப்பும் வைப்பது அதற்காகத்தான். குருமாவும் சாம்பாரும் அந்தச் சூட்டில் இரண்டு மணி நேரம் சமாளித்துவிடும். பூரியும் வடையும் சமாளிக்காது, மூடி போட்ட ஆவியில் நனைந்து தோல் மாதிரி ஆகிவிடும். தோசைக்கு மட்டும் தனியாகக் கல் போட்டு ஒருவர் நின்றார். அங்கே கால் மணி நேரம் வரிசை. நான் வாங்கிக்கொண்டு மேசைக்கு வந்தபோது என் இடத்தில் தங்கை பையன் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

இலை ஓட்டலில் யாரும் எதையும் சூடாக வைப்பதில்லை, அதற்கு நேரமே கிடையாது. பன்னிரண்டரைக்கும் இரண்டுக்கும் நடுவில் ஒரு வாளி சாதம் இரண்டு வரிசையைத் தாண்டுவதற்குள் காலி. அடுத்த வாளி உலையிலிருந்து இறங்கியதும் வந்துவிடுகிறது. அப்பளம் நொறுங்குகிறது, ரசத்தில் ஆவி பறக்கிறது. ஆனால் இது கூட்ட நேரத்துக்கு மட்டும்தான் பொருந்தும். இரண்டரைக்கு மேல் போனால் பொரியல் தீர்ந்து அவசரமாக நறுக்கிய ஏதோ ஒன்று வரும், கூட்டு அடிப்பிடித்த வாசனையோடு வரும். ஒருமுறை அப்படி மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

சரி, என்னைக் கட்சி மாற வைத்தது விலையோ சூடோ இல்லை. சாப்பிடுகிறவன் எழுந்து போக வேண்டுமா, சாப்பாடு அவனிடம் வருமா என்பதுதான்.

அப்பாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். ஒரு கை கைத்தடிக்குப் போய்விட்டால் மிச்சம் இருக்கும் ஒரு கையில் தட்டைப் பிடித்துக்கொண்டு கரண்டியால் எடுத்துப் போட்டுக்கொள்வது நடக்கிற காரியமா? அதனால் நான் போனேன். ‘என்னப்பா வேணும்?’ என்றால் ‘என்ன இருக்கு?’ என்கிறார். நாற்பது வகையை எப்படி ஒப்பிப்பது. ‘நீயே பார்த்து ஏதாவது கொண்டு வாடா’ என்றார். நானும் பார்த்து ஏதாவது கொண்டு வந்தேன், அதில் பாதி அவருக்குப் பிடிக்காதது. அதையும் தின்று முடித்தார், வீணாக்கக் கூடாது என்று வளர்ந்த தலைமுறை. ‘இன்னும் ஏதாவது?’ என்றதற்குப் ‘போதும், நீ போய்ச் சாப்பிடு, ஆறிடும்’ என்றுவிட்டார். சாயந்திரம் நாலு மணிக்கு வீட்டில் அம்மாவிடம் ‘கொஞ்சம் மோர் சாதம் இருக்கா?’ என்று கேட்டார். 900 ரூபாயும் வரியும் கட்டிக் கூட்டிப் போன மனிதர், அதுவும் அவருடைய கல்யாண நாளில், பசியோடு வீடு திரும்பியிருக்கிறார். எனக்கு அன்றைக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

இன்னொன்றும் அப்புறம்தான் உறைத்தது. கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் அங்கே இருந்தோம், பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் மேசையில் உட்கார்ந்திருந்த நிமிடம் ஒன்றுகூட இல்லை. ஒருவர் சூப்பில், ஒருவர் தோசை வரிசையில், ஒருவர் குலாப் ஜாமூனில். கடைசியில் எடுத்த குரூப் போட்டோவில்கூட சித்தப்பா இல்லை, ஜிலேபிக்குப் போயிருந்தார்.

இலை ஓட்டலில் நடந்ததைச் சொல்கிறேன். மாடியில் ஏசி ஹால், படி ஏற முடியாது என்பதால் கீழே சாதா ஹாலில் எதிரும் புதிருமாக இரண்டு வரிசை பிடித்தோம். இலை விழுந்தது, தண்ணீர் தெளித்துத் துடைத்தோம், உப்பு, ஊறுகாய், பொரியல், கூட்டு, பருப்பு, நெய் என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தது. பன்னிரண்டு பேரும் ஒன்றாக ஆரம்பித்தோம், ஒரே சாம்பாரைத் திட்டினோம் (கொஞ்சம் இனிப்பு), ஒரே வத்தக்குழம்பைப் புகழ்ந்தோம். ரசம் வந்தபோது சப்ளையர் அப்பாவைப் பார்த்து, ‘ஐயா, இன்னும் கொஞ்சம் விடட்டுங்களா?’ என்றார். அப்பா தலையை ஆட்டி உள்ளங்கையைக் குவித்து நீட்டினார். அவர் கையில் ரசம் வாங்கிக் குடித்து நான் பார்த்துப் பத்து வருடமாவது இருக்கும். மூன்று முறை வாங்கினார். மோருக்கு மறு சோறு கேட்டார்.

பஃபேயில் வாய் திறக்காத அதே ஆள். அங்கே எது வேண்டுமானாலும் மகனிடம் கேட்க வேண்டும், மகன் சாப்பாட்டை விட்டு எழுந்து போவதைப் பார்க்க வேண்டும். இங்கே வாளியோடு எதிரே வந்து நிற்கிறவரிடம் கேட்டால் போதும், கேட்கக்கூட வேண்டாம், இலையில் குழி பறித்தால் புரிந்துகொள்கிறார். போதும் என்றால் இலைக்கு மேலே கையை நீட்டினால் முடிந்தது. அரைக் கரண்டி வேண்டும் என்பதைக்கூட விரலிலேயே சொல்லிவிடலாம். நடமாட்டம் குறைந்த பெரியவர்களோடு போகிறவர்கள் மற்றதெல்லாம் பிறகு பார்க்கலாம், இதை முதலில் பாருங்கள். கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்கு பொருந்தும் என்று தோன்றுகிறது, ஆனால் எங்கள் வீட்டில் இப்போது கைக்குழந்தை இல்லை.

பஃபேயில் உங்களுக்கு உதவ ஆளே இல்லையா என்று தங்கை கேட்டாள், நியாயமான கேள்வி. இருந்தார்கள், சொன்னால் கொண்டு வந்து கொடுத்திருப்பார்கள். அப்பா சொல்ல மாட்டார், எனக்கு அன்று தோன்றவில்லை. அடுத்து போகிறவர்கள் உட்காரும்போதே ஒருவரைக் கூப்பிட்டுச் சொல்லி வைத்துவிடுங்கள்.

இலைக்கு எதிராகவும் சொல்ல இருக்கிறது. முதலாவது, சாப்பிட்டு முடிக்கும் முன்னாலேயே நாற்காலிக்குப் பின்னால் அடுத்த குடும்பம் வந்து நிற்கும். பாயசம் வரும்போதே உங்கள் முதுகில் ஒரு கைப்பை உரசும். முப்பத்தைந்து நிமிடத்தில் வெளியே இருந்தோம். உறவுக்காரர்களோடு உட்கார்ந்து கதை பேசத்தான் வெளியே போகிறீர்கள் என்றால் பஃபேதான் சரி, அங்கே யாரும் துரத்தவில்லை. இரண்டாவது, சர்க்கரை. இலைச் சாப்பாடு என்பது அடிப்படையில் சோற்றுமலை. பஃபேயில் புல்கா, சாலட், சுட்ட காய்கறி என்று அளந்து சாப்பிட வழி இருக்கிறது. அப்பாவுக்குச் சர்க்கரை லேசாக இருக்கிறது, இலையில் அவர் இரண்டு கிண்ணம் பாயசம் வாங்கியதை அம்மா பார்த்த பார்வையை நான் இங்கே எழுதவில்லை. மூன்றாவது கழிப்பறை. நட்சத்திர ஓட்டலில் பிடித்துக்கொள்ளக் கம்பியோடு சுத்தமாக இருந்தது. இலை ஓட்டலில் கை கழுவும் இடமே ஈரமும் வழுக்கலுமாக இருந்தது, அப்பாவை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டுதான் போனோம். முழங்காலைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் தப்பு.

வீணாவது இரண்டிலும் உண்டு, எது அதிகம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. பஃபேயில் ஆசைப்பட்டு எடுத்து மிச்சம் வைத்தோம், இலையில் கேட்காமல் வைத்த கூட்டை மிச்சம் வைத்தோம்.

நான் சொன்னதெல்லாம் சைவ ஓட்டலுக்கு மட்டும். அசைவ மெஸ்ஸில் பன்னிரண்டு பேரோடு உட்கார்ந்து பார்த்ததில்லை. இரவுக்கும் இது உதவாது, பெரும்பாலான இலை ஓட்டல்களில் இரவு டிபன்தான். அப்புறம், இலை என்றால் வாழையிலை. தேசிய வாழை ஆராய்ச்சி மையமே இருக்கிற ஊர் இது, காவிரிக்கரை முழுக்க வாழை. ஆனாலும் இலை மாதிரி பச்சை அடித்த தாளை விரிக்கிற கடைகள் இருக்கின்றன. பிளாஸ்டிக் பூசிய தட்டுக்கும், மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளுக்கும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருந்தும் சிலர் விடவில்லை. சூடான ரசத்தை அதில் ஊற்றிச் சாப்பிடுவதற்கு நனைந்த பூரியே மேல்.

போவதென்றால் பன்னிரண்டே காலுக்குள் போய்விடுங்கள். பெரிய கூட்டம் என்றால் முதல் நாளே கல்லாவில் சொல்லிவைக்கலாம், இடம் பிடித்து வைக்க மாட்டார்கள், ஆனால் முகம் ஞாபகம் இருக்கும். கீழ்த்தளத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள வரிசையைக் கேளுங்கள், அப்பளம் பறக்கும், பரவாயில்லை.

தங்கை அடுத்த மாதம் மறுபடி வருகிறாள். அவள் பெரியவனுக்கு ஒன்பதாவது பிறந்தநாள், அவனுக்கு பஃபேதான் வேண்டுமாம், மூன்று தரம் போன் செய்து சொல்லிவிட்டான். போகத்தான் போகிறோம். அப்பாவுக்குத் தட்டு கொண்டு வருகிற வேலை இந்த முறை மாப்பிள்ளைக்கு. கத்தரிக்காய் பிடிக்காது, தயிர் சாதம் கடைசியில் வேண்டும், போதும் என்று சொன்னால் நம்பக் கூடாது என்று இப்போதே வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிட்டேன்.