மூன்று அலைப்பட்டை வைஃபை 7 ரவுட்டர்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

2.4, 5, 6 கிகாஹெர்ட்ஸ் ஆகிய மூன்று அலைப்பட்டைகளிலும் இயங்கும் வைஃபை 7 ரவுட்டர் ஒன்றையும், அதன் சிக்னலை வாங்கி வீட்டின் தொலைவான பகுதிகளுக்குக் கொண்டுசேர்க்கும் மெஷ் துணைக்கருவி ஒன்றையும் கணிசமான காலமாகப் பயன்படுத்தி வருகிறேன். பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் வேகம், மூன்று பட்டைகளின் உச்ச வேகங்களையும் கூட்டி வரும் எண். எந்த ஒரு கருவியும் அதை எட்டாது என்பதால், வாங்குவோர் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. எந்தக் கருவியை எந்தப் பட்டையில் அமர்த்துகிறோம், ஒவ்வொரு பட்டையிலும் எவ்வளவு அகலமான சேனலை (பட்டைக்குள் கருவிகள் பேசும் அலைவரிசைத் துண்டை) ஒதுக்குகிறோம் என்பவைதான் நமக்குக் கிடைக்கும் வேகத்தைத் தீர்மானிக்கின்றன.

ரவுட்டர் வந்தபோது மூன்று பட்டைகளுக்கும் ஒரே வைஃபை பெயர், எல்லாமே தானியங்கி என்ற அமைப்பில் இருந்தது. இந்த முறையில் ரவுட்டரே கருவிகளைச் சரியான பட்டைக்கு நகர்த்தும் என்று கையேடு சொல்கிறது. அது பாதி உண்மை. எந்தப் பட்டையில் இணைவது என்ற கடைசி முடிவு கைபேசியிடமும் மடிக்கணினியிடமும்தான் இருக்கிறது. 802.11கே, 802.11வி ஆகிய தரங்களின் வழியாக ரவுட்டர் பரிந்துரைக்கலாமே ஒழியக் கட்டாயப்படுத்த முடியாது. வலுவான 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் பக்கத்திலேயே இருக்க, 2.4-ஐ விடாப்பிடியாகப் பற்றிக்கொண்டிருந்த மடிக்கணினியைப் பார்த்த பிறகு, தானியங்கி முறையை முழுமையாக நம்புவதை நிறுத்தினேன்.

இங்கே ஏர்டைம், அதாவது ஒரு கருவி சேனலைப் பிடித்துவைத்திருக்கும் நேரம், என்ற கணக்கைப் புரிந்துகொள்வது அவசியம். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். ஓ.எஃப்.டி.எம்.ஏ. முறையில் ஒரே சேனலைக் கூறுபோட்டுச் சிலருக்குப் பகிர்ந்தாலும் மொத்த நேரம் ஒன்றே. ஆகவே, குறைந்த வேகத்தில் பேசும் கருவி சிறிதளவு தரவையே அனுப்பினாலும் நீண்ட நேரம் சேனலை அடைத்துக்கொள்கிறது. அதன் விலையை வேகமான கருவிகள் கொடுக்கின்றன. இதைக் கருத்தில் கொண்டு, ஸ்மார்ட் விளக்குகள், பிளக்குகள், பிரிண்டர் போன்றவற்றுக்கு 2.4-இல் தனிப் பெயர் கொடுத்து ஒதுக்கினேன். 5, 6 இரண்டையும் ஒரே பெயரில் விட்டேன். நான் செய்த மாற்றங்களில் மிகப் பெரிய பலன் தந்தது இதுவே. 6 கிகாஹெர்ட்ஸ் பட்டை டபிள்யூ.பி.ஏ.3 பாதுகாப்பைக் கட்டாயமாக்குவதும், அந்தப் பழைய கருவிகளில் பல அதை அறியாததும் இப்படிப் பிரிப்பதற்கு இன்னொரு காரணம்.

2.4-இல் ஒன்றன்மேல் ஒன்று படியாத 20 மெகாஹெர்ட்ஸ் சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். அங்கே 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை வைப்பது, இருக்கும் இடத்தில் பாதியைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் அனைத்தோடும் மோதுவதற்கு ஒப்பாகும். 20-ஐத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். 802.11பி என்ற பழைய வைஃபை தரத்தின் வேகங்களை நிறுத்திவிடும் வசதி இருந்தால் அதையும் செய்யலாம். அவை இயங்கும்வரை, ரவுட்டர் தன் இருப்பைத் தெரிவிக்க ஏறத்தாழ நொடிக்குப் பத்து முறை அனுப்பும் பீக்கன் அறிவிப்புகள் 1 மெகாபிட் வேகத்தில் ஊர்ந்து, ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியாக ஏர்டைமை விழுங்கும். ரவுட்டரின் யு.எஸ்.பி. 3.0 துளையில் வன்தட்டைச் செருகினால் 2.4-இல் இரைச்சல் கூடும் என்பதும் தெரிந்த விஷயமே. வன்தட்டை வேறு இடத்துக்கு மாற்றியதும் தொலைவிலிருந்த கருவிகள் அடிக்கடி துண்டிக்கப்படுவது குறைந்தது.

5 கிகாஹெர்ட்ஸில் 80 மெகாஹெர்ட்ஸா, 160 மெகாஹெர்ட்ஸா என்பதுதான் நீண்ட காலம் யோசித்த கேள்வி. இரண்டு ஆன்டெனா கொண்ட கைபேசிக்கு 80-இல் உச்ச இணைப்பு வேகம் 1201 மெகாபிட் என்றால் 160-இல் 2402. காகிதத்தில் சரியாக இரட்டிப்பு. ஆனால் பெரும்பாலான இடங்களில் இந்தப் பட்டையில் கிடைக்கும் 160 அகலச் சேனல்கள் இரண்டே, இரண்டிலும் ரேடார்களோடு பகிர்ந்துகொள்ளும் பகுதி அடங்கியிருக்கிறது. அந்தப் பகுதியைப் பயன்படுத்துமுன் ரவுட்டர் குறைந்தது 60 நொடி மௌனமாகக் கேட்டிருக்க வேண்டும். ரேடார் சிக்னல் தென்பட்டால் உடனே விலகி, 30 நிமிடம் திரும்பக் கூடாது. காணொளி அழைப்பின் நடுவே இது நேர்ந்தால் அழைப்பு அறுந்துபோகும். மேலும் மொத்த ஆற்றலுக்கு வரம்பு உள்ள பட்டையில் அகலத்தை இரட்டிப்பாக்கினால், அதே ஆற்றல் இருமடங்கு அகலத்தில் பரவி, சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி 3 டெசிபல் குறைகிறது. இரண்டு சுவர் தாண்டிய அறையில் 160-ஐவிட 80-இல்தான் வேகம் நிலையாக இருந்தது. அதையே வைத்துக்கொண்டேன்.

6 கிகாஹெர்ட்ஸில் இந்தக் கணக்கு மாறுகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. அமெரிக்காவில் 2020-இல் திறந்துவிட்ட 1200 மெகாஹெர்ட்ஸில், கட்டடத்துக்குள் பயன்படுத்தும் குறைந்த ஆற்றல் ரவுட்டர்களுக்கான வரம்பு ஒவ்வொரு மெகாஹெர்ட்ஸுக்கும் இவ்வளவு என்று வகுக்கப்பட்டிருக்கிறது. சேனல் அகலமாக ஆக அனுமதிக்கப்பட்ட மொத்த ஆற்றலும் கூடுகிறது. 320 வரை போனாலும் மேற்சொன்ன 3 டெசிபல் இழப்பு இல்லை. அங்கே அகலமான சேனலை அஞ்சாமல் வைக்கலாம். ஐரோப்பாவில் 480 மெகாஹெர்ட்ஸ்தான் கிடைக்கிறது, மொத்த ஆற்றலுக்கும் தனி உச்சவரம்பு உண்டு. எனவே 320 அகலத்தில் ஒரே ஒரு சேனல்தான் முழுமையாக அமையும், ஆற்றல் சலுகையும் இராது. எங்கிருந்தாலும் இந்தப் பட்டை சுவர்களை அதிகம் தாண்டுவதில்லை. ரவுட்டர் இருக்கும் அறையிலும் அதை ஒட்டிய அறையிலும் அபாரமாக இருப்பது, அதற்கடுத்த அறையில் 5 கிகாஹெர்ட்ஸிடம் தோற்றுவிடுகிறது. கைபேசியின் ஆற்றல் ரவுட்டரைவிடக் குறைவு என்பதால், பதிவிறக்கம் நன்றாக இருக்கும்போதே பதிவேற்றம் தள்ளாடத் தொடங்குவதையும் கவனித்திருக்கிறேன்.

வைஃபை 7-இன் முக்கிய வாக்குறுதியான எம்.எல்.ஓ., ஒரே கருவியைப் பல பட்டைகளில் சேர்ந்து இணைக்கிறது. இரண்டு பட்டைகளின் வேகமும் கூடிவரும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பல கைபேசிகளும் மடிக்கணினிகளும் இ.எம்.எல்.எஸ்.ஆர். என்ற எளிய வகையையே கொண்டுள்ளன. அவை இரு பட்டைகளிலும் காது கொடுத்திருந்து, எது காலியோ அதில் பேசுகின்றனவே தவிர, இரண்டிலும் ஒரே நேரத்தில் தரவை அனுப்புவதில்லை. ஆகையால் வேகச் சோதனையில் பெரிய மாற்றம் தெரியாது. ஒரு பட்டை நெரிசலாகும்போது ஏற்படும் தாமதம் குறைகிறது. அறைகளுக்கிடையே நடந்துகொண்டே பேசும் காணொளி அழைப்பில் அது தெளிவாகத் தெரிகிறது. நான் அதை இயக்கத்திலேயே வைத்திருக்கிறேன். ஆனால் அதற்காக மட்டும் 6 கிகாஹெர்ட்ஸும் கொண்ட முந்தைய தலைமுறையான வைஃபை 6இ வகையில் நல்ல ரவுட்டரை மாற்றச் சொல்ல மாட்டேன்.

மெஷ் துணைக்கருவி விஷயத்தில், அது ரவுட்டரோடு பேசும் பட்டையையே நம் கருவிகளும் பகிர்ந்தால் வேகம் ஏறத்தாழ பாதியாகிறது, ஏனெனில் ஒவ்வொரு தரவும் அதே சேனலில் இரண்டு முறை பயணிக்கிறது. இரண்டும் நேர்ப்பார்வையில் இருப்பதால் 6-ஐ அவற்றுக்கிடையேயான இணைப்புக்கும், 5-ஐத் துணைக்கருவியோடு இணையும் கருவிகளுக்கும் பிரித்துக் கொடுத்தேன். ஈதர்நெட் கேபிள் இழுக்க முடிந்தவர்களுக்கு இந்தத் தியாகமே தேவையில்லை.

இதில் இன்றுவரை தீராத குறை மென்பொருளில்தான். சில புதுப்பிப்புகளுக்குப் பிறகு சேனல் அகலம் ஓசையின்றித் தானியங்கிக்குத் திரும்பிவிடுகிறது. எனவே ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பின்னும் அமைப்புகளைத் திறந்து பார்த்துவிட்டு, ஐபெர்ஃப்3 என்ற வேக அளவீட்டு மென்பொருளைக் கொண்டு வீட்டுக்குள்ளேயே ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு வேகத்தை அளக்கிறேன். இணையவழிச் சோதனைகள் வெளி இணைப்பின் வரம்பையும் சேர்த்தே காட்டுவதால், பட்டை ஒதுக்கீட்டைச் சீர்படுத்த அவை உதவுவதில்லை.