வண்ணத்துப்பூச்சிக்கென்று செடி வாங்குவோர் கவனத்திற்கு

கோடையில் தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் வந்துபோகும்படி, ஆண்டுக்கணக்கில் நின்று பூக்கும் செடிகள் சிலவற்றை வீட்டு முன்புறத்தில் வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். கோவைக்கு வெளியே ஒரு நர்சரியில் ‘பட்டாம்பூச்சித் தோட்டத்துக்கு ஏற்றவை’ என்று பலகை வைத்திருந்ததை நம்பி, கடந்த மார்ச்சில் இட்லிப்பூ, பென்டாஸ், சீமை நாயுருவி, சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும், எருக்கின் உறவான மில்க்வீட் எனப் 12 தொட்டிகளை 2,400 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன். ஓர் இலையில்கூடக் கடிபட்ட தடம் இல்லை. அதை நல்ல அறிகுறி என்று எண்ணியதுதான் என் தவறு.

மூன்றாம் நாளே வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சி ஒன்று வந்து மில்க்வீட் இலைகளின் அடியில் ஒன்றொன்றாக முட்டையிட்டுப் போயிற்று. முட்டைகள் பொரிந்தன, ஆனால் மறுநாள் ஒரு புழுவும் இல்லை. எறும்பு கொண்டுபோயிருக்கும் என்று நினைத்து, பக்கத்துக் காலி மனையில் நிற்கும் எருக்கிலிருந்து வளர்ந்த புழுக்கள் இரண்டை எடுத்துவந்து விட்டேன். அவை மாலைவரை இலையைத் தின்றன. விடிந்து பார்த்தபோது இரண்டும் தலைகீழாகத் தொங்கின. வாயிலிருந்து பச்சை நீர் வடிந்திருந்தது, முதுகிலுள்ள மூன்று இணைக் கருங்கொம்புகளும் துவண்டு கிடந்தன. எருக்கிலேயே விட்டுவந்த புழுக்களோ நலமாக இருந்தன. அந்த வாரமே சீமை நாயுருவியின் அடியில் கொம்புத்தேனீக்கள் ஐந்தாறு மல்லாந்து கால்களை உதறிக்கொண்டிருந்ததையும் கண்டேன்.

நர்சரிக்குப் போய்க் கேட்டபோது, அங்கு வேலை செய்பவர் எதையும் மறைக்கவில்லை. “வேருல மருந்து ஊத்திட்டா ஆறு மாசத்துக்கு ஒரு புழு கடிக்காதுங்க” என்று பெருமையோடு சொல்லி, புட்டியையும் காட்டினார். அதில் இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிக்கொல்லியின் பெயர் இருந்தது. இது இலைமேல் தங்கிக் கழுவினால் போய்விடும் மருந்தன்று. வேர் வழியே ஏறி, இலை, மகரந்தம், தேன் என்று செடி முழுவதும் பரவுவது. தேனீக்களுக்கு இதனால் நேரும் கேட்டைக் கருதியே ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் திறந்தவெளிப் பயன்பாட்டுக்கு இதைத் தடைசெய்தது. புழு வளர வேண்டிய செடியில் இதை ஊற்றிவிட்டு, வண்ணத்துப்பூச்சியின் பெயரைச் சொல்லி விற்பதை என்னால் ஏமாற்று என்றே சொல்ல முடியும். உரிமையாளர் பணத்தைத் திருப்பித் தர மறுத்து, வேறு செடிகள் தருவதாகச் சொன்னார். அவையும் அதே மருந்தைக் குடித்தவை.

ஆகவே, வாங்குமுன் மண்ணில் என்ன மருந்து, எப்போது இட்டார்கள் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் வாங்க வேண்டாம். இட்லிப்பூவும் சீமை நாயுருவியும் அக்கம்பக்கத்தில் வாங்கிய குச்சியிலேயே வேர்பிடிக்கும். எருக்கோ விதை விழுந்த இடத்தில் முளைக்கும்.

என்னிடமுள்ள 12 செடிகளையும் இப்போது கொசுவலையால் மூடி வைத்திருக்கிறேன். மொட்டு விட்டால் அன்றன்றே கிள்ளிவிடுகிறேன். கிள்ளியதையும் உரக்குழியில் போடுவதில்லை.