பெரம்பூர் வீட்டில் 850 லிட்டர் கடல்: நான்கரை ஆண்டு அனுபவம்

எங்கள் பெரம்பூர் வீட்டின் முதல் மாடிக் கூடத்தில், வடக்குச் சுவரை ஒட்டி, 6 அடி நீளம், இரண்டரை அடி அகலம், 2 அடி உயரத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. 2021 பிப்ரவரியில் தண்ணீர் நிரப்பினேன். இன்று உள்ளே தெரியும் பாறை அமைப்பு அன்று வைத்தது இல்லை. பதினாறாவது மாதத்தில் எல்லாவற்றையும் வெளியே எடுத்து மறுபடி அடுக்கினேன். பெரிய தொட்டி வைக்க விரும்புகிறவர்கள் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் என்ன விலை, விளக்கு எத்தனை வாட் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பாறையை எப்படி அடுக்கப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்கிறேன். விளக்கையும் பம்பையும் ஒரு மாலைப் பொழுதில் மாற்றிவிடலாம். உயிர்கள் ஒட்டி வளர்ந்துவிட்ட பாறையைக் கலைப்பது குடியிருக்கும் வீட்டை இடித்துக் கட்டுவதற்குச் சமம்.

முதலில் எடை. 6 × 2.5 × 2 என்றால் 30 கன அடி, ஏறத்தாழ 850 லிட்டர். உப்பு நீர், 15 மி.மீ. கண்ணாடி, தாங்கி, பாறை, மணல் எல்லாம் சேர்த்து 1,300 கிலோவுக்குக் குறையாது. வீட்டுத் தளங்களுக்குப் பொறியாளர்கள் கணக்கில் கொள்ளும் பாரம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. தொட்டியின் அடிப்பரப்போ 1.4 சதுர மீட்டர், அந்தக் கணக்குப்படி 280 கிலோவுக்கான இடம். தரைத்தளத்தில் வைத்தால் இந்தக் கவலையே இல்லைதான். ஆனால் 2015 டிசம்பரில் எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றதைப் பார்த்தவன் நான். வீட்டு வரைபடத்தைக் கட்டுமானப் பொறியாளர் ஒருவரிடம் காட்டினேன். கீழ்ச்சுவரும் உத்தரமும் ஒன்றாக ஓடும் இடத்தை அவர் குறித்துக் கொடுத்தார். அந்த இடத்தை விட்டு ஒரு சாண்கூட நகர்த்தவில்லை. தாங்கியைத் துருப்பிடிக்காத எஃகில் செய்யச் சொன்னேன். உப்பு நீர் சொட்டும் இடத்தில் பெயின்ட் அடித்த இரும்பு எத்தனை நாள் தாங்கும் என்பது இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ரசமட்டம் வைத்து நான்கு மூலையும் சரிபார்த்த பிறகுதான் கண்ணாடி ஏறியது.

அடுத்தது பாறை. வெளிநாட்டுக் காணொளிகளில் கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறையைப் பெட்டி பெட்டியாக இறக்குவார்கள். இங்கே அந்த வழி இல்லை, இருக்கவும் கூடாது. பாறைத் திட்டுகளைக் கட்டும் கடினப் பவளங்கள் அனைத்தும் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு. மன்னார் வளைகுடாவில் ஒரு காலத்தில் பவளப் பாறைகளை வெட்டிச் சுண்ணாம்புக்கு அனுப்பினார்கள். இன்று அங்குள்ள 21 தீவுகளும் தேசியப் பூங்கா. அங்கிருந்து ஒரு கல் என் கூடத்துக்கு வருவதை நான் விரும்பவில்லை. கடையில் யாராவது மெல்லிய குரலில் 'தூத்துக்குடிக் கல்' என்று சொன்னால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

ஆகவே பாறையை மொட்டைமாடியில் நானே வார்த்தேன். ஒரு பங்கு சிமென்ட், இரண்டு பங்கு கிளிஞ்சல் நொறுக்கு (கோழித் தீவனக் கடைகளில் மூட்டையாகக் கிடைக்கும்), ஒன்றரைப் பங்கு கல் உப்பு. உப்பு எதற்கென்றால், பாறை இறுகிய பிறகு அது கரைந்து வெளியேறும். அது இருந்த இடமெல்லாம் துளையாகிவிடும். அந்தத் துளைகளில்தான் பின்னாளில் மீன் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா குடியேறுகிறது. எதிர்வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த கொத்தனார் நான் குழைத்த கலவையைப் பார்த்துவிட்டு மாடியேறி வந்தார். "தண்ணீரைக் குறையுங்கள் சார். பிடிகொழுக்கட்டை மாவு பதம் இருந்தால் போதும். இப்படிக் குழைத்தால் உப்பு இப்போதே கரைந்துவிடும்" என்றார். அவர் சொன்னதுதான் சரி. முதல் நாள் வார்த்தவை வழவழவென்று நடைபாதைக் கல்லைப் போல வந்திருந்தன. இரண்டாம் நாள் ஈர மணலில் குழி பறித்து, கையால் பிடித்துப் பிடித்து வைத்தவற்றில் விரல் தடமும் துளையும் இடுக்கும் இயல்பாகவே அமைந்தன.

நான்கு நாள் ஈரச் சாக்கு போட்டு மூடிவைத்தேன். பிறகு நீல நிறப் பிளாஸ்டிக் டிரம்மில் நல்ல தண்ணீரில் ஊறவைத்து மூன்று நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றினேன். புதுச் சிமென்ட்டின் காரத்தன்மை கடுமையானது. சோதனைத் தாள் முதல் வாரம் பி.எச். 12-ஐக் காட்டியது. 8.3-க்கு இறங்க ஒன்பது வாரம் ஆயிற்று. இந்த ஒன்பது வாரத்தைச் சுருக்க நினைக்காதீர்கள்.

முதல் அடுக்கு எப்படி இருந்தது என்று சொல்கிறேன். பின்கண்ணாடியில் சாய்த்து, இடமிருந்து வலம் வரை ஒரே சுவராக 70 கிலோ கல். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். ஓராண்டு கழிந்ததும் சுவருக்குப் பின்னால் கசடு சேர்ந்தது. குழாய் விட்டு உறிஞ்ச முடியவில்லை, கையும் நுழையவில்லை. கழிவு சிதைந்து உண்டாகும் நைட்ரேட்டின் அளவு 50-க்குக் கீழே இறங்க மறுத்தது. பச்சை முடிப்பாசி பல் துலக்கும் பிரஷ்ஷைப் போலக் கல்லெல்லாம் நின்றது. உணவைக் குறைத்தேன், நீர் மாற்றுவதை இரட்டித்தேன், கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரைப் பெரிதாக்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிறிய பம்பு ஒன்றைக் கையில் பிடித்துச் சுவரின் இடுக்கு ஒன்றில் நீரைப் பாய்ச்சினேன். பழுப்பு மேகம் ஒன்று எழுந்து தொட்டியையே மறைத்தது. படிய நாற்பது நிமிடம் பிடித்தது. அப்போதுதான் புரிந்தது. என் தொட்டியின் மூன்றில் ஒரு பகுதிக்குத் தண்ணீரே போகவில்லை.

2022 ஜூனில் கலைத்தேன். இந்த முறை மொட்டைமாடித் தரையில் சாக்பீஸால் 6-க்கு இரண்டரை அடிக் கட்டம் போட்டு, அதற்குள் கல்லை வைத்துப் பார்த்தேன். நான்கு பக்கமும் கண்ணாடியிலிருந்து 4 அங்குலம் காலி. கண்ணாடி சுரண்டும் காந்தமும் என் கையும் தாராளமாகப் போய்வர அந்த அளவு வேண்டும். இடப்பக்கம் பெரிய திட்டு ஒன்று, வலப்பக்கம் அதில் பாதி அளவில் இன்னொன்று. நடுவில் ஓர் அடிக்குச் சற்று கூடுதலாக மணல்வெளி. அந்த இடைவெளி நேராக இல்லாமல் பின்னால் போகப் போகக் குறுகி வளைகிறது. கூடத்தில் உட்கார்ந்து பார்த்தால் வழி எங்கேயோ தொடர்வதைப் போலத் தெரியும். இரண்டரை அடி அகலம் ஐந்து அடியாகத் தோன்றுவது இந்த வளைவால்தான்.

பெரிய திட்டின் உச்சி சரியாக நடுவில் இல்லை. இடமிருந்து மூன்றில் ஒரு பங்குத் தூரத்தில் நிற்கிறது. நீர்மட்டத்துக்கு ஏழு அங்குலம் கீழேயே நிறுத்திவிட்டேன். பவளம் வளர்ந்து மேலே ஏறும். அதற்கு இடம் விடாமல் அடுக்கினால் இரண்டே ஆண்டில் நீர்மட்டத்தை முட்டும். ஒவ்வொரு திட்டும் மூன்று கால்களில் மட்டும் நிற்கிறது, அடியில் நீர் புகுந்து புறப்பட வழி இருக்கிறது. கால்கள் மணலின் மேல் இல்லை. கண்ணாடித் தரையில் மெல்லிய அக்ரிலிக் தகடு வைத்து, அதன் மேல் காலை ஊன்றி, பிறகுதான் மணலைக் கொட்டினேன். மணலைத் தோண்டும் மீனும் இறாலும் உள்ளே இருக்கின்றன. மணல் மேல் நிற்கும் கல் ஒரு நாள் சரியும், சரிந்தால் கண்ணாடியில்தான் விழும். இணைப்புகளில் அக்ரிலிக் கம்பி செருகி, ஜெல் பசையும் கல்தூளும் மாறி மாறி வைத்து இறுக்கினேன். 70 கிலோவில் 38 கிலோ மட்டுமே திரும்ப உள்ளே போனது. எதிரெதிர் மூலைகளில், நீரோட்டம் உண்டாக்கும் இரண்டு வேவ் மேக்கர்கள். ஒன்று வேகமெடுக்கும்போது மற்றொன்று அடங்கும். நான்கு மாதத்தில் நைட்ரேட் 10-க்கு வந்தது. உணவின் அளவில் எந்த மாற்றமும் செய்யவில்லை.

வெப்பத்தைப் பற்றிச் சொல்லாமல் சென்னையில் தொட்டியைப் பற்றிப் பேச முடியாது. வாங்கிய கடையில் கால் குதிரைத்திறன் சில்லர் போதும் என்றார்கள். முதல் மே மாதமே அது இரவும் பகலும் ஓய்வின்றி ஓடியும் தண்ணீர் 29 பாகையில் நின்றது. அரைக் குதிரைத்திறனுக்கு மாறினேன். அதைவிட முக்கியமாக, சில்லரைக் கூடத்திலிருந்து எடுத்துப் பால்கனியில் வைத்துச் சுவரில் துளையிட்டுக் குழாயைக் கொண்டுவந்தேன். தண்ணீரிலிருந்து பிடுங்கிய வெப்பத்தை அது அறைக்குள்ளேயே கொட்டினால், அந்த அறையிலிருந்து மறுபடி தண்ணீர் சூடாகும். இப்போது 26.5 பாகையில் நிலையாக இருக்கிறது. மின்விசிறி மட்டும் வைத்துச் சமாளிக்கலாம் என்பவர்களுக்கு: நீர் ஆவியானால்தான் விசிறி குளிர்விக்கும், நம் ஊர்க் காற்றிலோ ஈரம் ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. கோடையில் தொட்டிக்கென்று நாளுக்கு 10 யூனிட் மின்சாரம் போகிறது. இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும் என்பதையும் மனத்தில் வைத்துத் திட்டமிடுங்கள்.

தண்ணீருக்கு ஆர்.ஓ. வடிகட்டியும் அதற்குப் பின்னால், மிஞ்சிய உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசினும். எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரின் டி.டி.எஸ். (கரைந்துள்ள உப்புகளின் அளவு) 1,100. ரெசினுக்குப் பிறகு பூஜ்யம். அதில் செயற்கைக் கடலுப்பைக் கலந்து அடர்த்தியை 1.025-க்குக் கொண்டுவருகிறேன். கடல் பக்கத்தில்தானே இருக்கிறது என்று பலரும் கேட்கிறார்கள். நானும் ஒரு நவம்பரில் கோவளத்திலிருந்து கேன்களில் கொண்டுவந்து அளந்தேன். 1.019 காட்டியது. வடகிழக்குப் பருவமழையில் கரையோரக் கடலே நன்னீர் கலந்து நீர்த்துப்போகிறது, கூடவே ஆறுகள் சுமந்து வரும் நகரத்துக் கழிவும் வருகிறது.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். காலையில் போன மின்சாரம் எங்கள் தெருவுக்கு 38 மணி நேரம் கழித்துத்தான் வந்தது. நீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்பு நின்றதும், மேலே இருந்து நீர் தொட்டிக்கு அடியில் உள்ள சம்ப் என்னும் துணைத் தொட்டிக்கு இறங்கியது. குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சிறு துளை போட்டு வைத்திருந்ததால் காற்று புகுந்து, 30 லிட்டரோடு இறக்கம் நின்றது. சம்ப்பில் அதற்கான காலி இடம் எப்போதும் உண்டு. புயல் நாள் என்பதால் வெப்பம் சிக்கல் இல்லை. மீன்களைக் கொல்வது மூச்சுத் திணறல்தான். உப்பு நீரில் ஆக்சிஜன் கரைவது குறைவு, அசையாத நீரில் அதுவும் வேகமாகத் தீரும். இன்வெர்ட்டரில் ஒரு வேவ் மேக்கரை மட்டும், நீர்ப்பரப்பைக் கலக்கும்படி மேல்நோக்கித் திருப்பி ஓடவிட்டேன். மகள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அரை மணிக்கு ஒருமுறை மீன்களை எண்ணிச் சொன்னாள். எல்லா மீன்களும் பிழைத்தன. ஓர் இறால் மட்டும் போனது. பழைய சுவர் அமைப்பில் இந்த ஒற்றைப் பம்பின் ஓட்டம் பாறைக்குப் பின்னால் போயிருக்காது. அங்கே செத்து அழுகியவை ஒரே இரவில் மொத்தத் தொட்டியையும் முடித்திருக்கும்.

இன்று உள்ளே மென்பவளங்கள் மட்டுமே. காளான் பவளம், தோல் பவளம், ஸோவா, விரல்களை மூடித் திறக்கும் ஸீனியா. எல்லாம் சக ஆர்வலர்களின் தொட்டியில் வளர்ந்து வெட்டிக் கொடுத்த துண்டுகள். ஸோவாவைத் தொடும்போது கையுறையும் கண்காப்புக் கண்ணாடியும் கட்டாயம். சில வகைகளில் கொடிய நஞ்சு உண்டு, அது ஒட்டிய கல்லை வெந்நீரில் போட்டுக் கொதிக்கவைக்கவே கூடாது. ஸீனியாவைச் சிறிய திட்டில் மட்டும் வைத்தேன். களை போலப் பரவுகிறது, ஆனால் நடுவில் உள்ள மணல்வெளியை அதனால் தாண்ட முடியவில்லை. அந்த இடைவெளியால் இப்படியொரு பயன் கிடைக்கும் என்று அடுக்கியபோது நான் எண்ணவில்லை.

மீன்களில் கோமாளி மீன் இணை ஒன்று. பண்ணையில் பொரித்தவை என்று உறுதிப்படுத்திக்கொண்டு கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் வாங்கினேன். மண்டபம் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் இவற்றின் குஞ்சு உற்பத்தி முறையைப் பல ஆண்டுகளுக்கு முன்பே நிலைப்படுத்திவிட்டது. கடலில் பிடித்ததை வாங்க இனி ஒரு காரணமும் இல்லை. இரண்டும் ஆணாகத்தான் பிறக்கும், ஆதிக்கம் செலுத்துவது பெண்ணாக மாறும். எங்களுடையதில் அது நடக்க ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

சென்ற மார்ச்சில் ஒரு காலை, ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த அம்மா கூப்பிட்டார். "அந்தச் சின்ன மீன் நேற்றிலிருந்து அதே இடத்தில் விசிறிக்கொண்டிருக்கிறதே, பார்த்தாயா?" பெரிய திட்டின் அடிப்பக்கம், நான் கையால் பிடித்த கல்லில், என் விரல் தடம் பதிந்த பள்ளத்தில், ஆரஞ்சு நிறத்தில் அரிசிமணியைவிடச் சிறிய முட்டைகள் வரிசையாக ஒட்டியிருந்தன. ஆண் மீன் துடுப்பால் விசிறுவதும் வாயால் ஒவ்வொன்றாகத் துடைப்பதுமாக இருந்தது. ஐந்தாம் நாள் முட்டைக்குள் வெள்ளிக் கண்கள் தெரிந்தன. எட்டாம் நாள் விளக்கு அணைந்து ஒன்றரை மணி நேரத்தில் பொரித்தன. டார்ச் வெளிச்சத்தில் கண்ணிமை முடியளவு உயிர்கள் மேலே ஏறுவதைப் பார்த்தேன். விடியும்போது ஒன்றுகூட இல்லை.

அதன்பின் ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே பள்ளத்தில் முட்டையிடுகின்றன. குஞ்சுகளின் முதல் உணவு ரோட்டிஃபர் என்னும் நுண்ணுயிர், அதற்கு உணவு பச்சைப் பாசிநீர். மொட்டைமாடிப் படிக்கட்டில், வெயில் நேராக விழாத இடமாகப் பார்த்து, ஆறு பாட்டில்களில் வளர்க்கத் தொடங்கியிருக்கிறேன். நான்கு நன்றாகப் பச்சை பிடித்திருக்கின்றன. அடுத்த முட்டை வரும் வியாழனை ஒட்டி எதிர்பார்க்கிறேன்.